கந்தகப் பொட்டலில் மூன்றாவது விபத்து

கலிமோவ்: ...வேண்டாம் ஹல்லி, நான் உக்காரல. நின்னுக்கிட்டே விசாரிக்கிறேன்.

ஹல்லி: புதுக் கம்பளம் தோழரே. மெத்துமெத்துன்னு இருக்கும்.

கலிமோவ்: அஷ்காபாத்துலேர்ந்து உங்க கந்தகச் சுரங்கம் வரைக்கும் ஒட்டகத்து மேல வந்திருக்கேன். இனிமே எனக்கு மெத்துன்னு ஒண்ணு இந்த உலகத்துல கிடையாது.

ஹல்லி: விமானத் துறை அதிகாரி நீங்க. விமானத்துலயே வந்திருக்கலாமே...

கலிமோவ்: கேட்டேன். உங்க பொட்டல்ல இறங்க மாட்டோம்னு எல்லா விமானியும் கையை விரிச்சுட்டான். இங்க இறங்கினா விமான மூக்குல சுத்தற விசிறி உடையுமாம்.

ஹல்லி: சும்மா கிளப்பி விடறாங்க.

கலிமோவ்: அதோ, அந்தக் கோழிக்கூண்டு மேல கிடக்கே, அது என்ன?

ஹல்லி: ...விசிறி.

கலிமோவ்: ம்.

ஹல்லி: அது முதல்ல உடைஞ்சது. ரெண்டாவதா உடைஞ்சதை இழைச்சு வாசல் நிலை பண்ணிட்டேன். நல்ல மரம் தோழரே, எரிக்க மனசு வரல.

அக்னபாத்: ஏங்க, அவருக்கு டீ ஊத்தவான்னு கேளுங்க.

ஹல்லி: டீ ஊத்தவான்னு கேக்கறா.

கலிமோவ்: எனக்கே கேட்டுது. உன் வீட்டுக்காரி என்கிட்ட நேரா பேச மாட்டாளா?

ஹல்லி: எங்க வழக்கம் தோழரே, வயசுல பெரியவங்க முன்னாடி பொம்பளைங்க முக்காட்டு நுனியைப் பல்லுல கவ்விக்குவாங்க, நேரா பேச மாட்டாங்க. பேச்செல்லாம் என் வழியாத்தான்.

கலிமோவ்: எனக்கு அவ்வளவு வயசு ஆயிடலயே.

ஹல்லி: ஒட்டகத்துலேர்ந்து உங்களை நாலு பேர் இறக்கினாங்களே... அதைப் பார்த்துட்டா.

கலிமோவ்: சரி, ஊத்தச் சொல்லு. நீ விஷயத்துக்கு வா. இந்த விமானக் களத்துக்கு நீதான் காவல்?

ஹல்லி: நான்தான். ஒட்டகத்தை விரட்டணும். கல்லு, முள்ளு பொறுக்கணும். விமானச் சத்தம் கேட்டதும் விறகு மூட்டிப் புகை போடணும். புகை சாயறதை வச்சுத்தான் மேல இருக்கறவருக்குக் காத்து எந்தப் பக்கம்னு தெரியும்.

கலிமோவ்: உன் வீட்டுக்காரி?

ஹல்லி: சுரங்கத்துல சமையல். மாவு, வெங்காயம், எண்ணெய் எல்லாம் அஷ்காபாத் போய் அவளே பார்த்து வாங்கிட்டு வருவா. விமானி சவேலியோட விமானத்துல பின் சீட்டு அவளுக்குன்னே ஆகிப்போச்சு.

கலிமோவ்: அப்போ விபத்து நடந்தப்பல்லாம் அவ உள்ளே இருந்திருக்கா.

ஹல்லி: மூணு தடவையும். மாவு மூட்டையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு.

கலிமோவ்: முதல்ல எப்படி ஆச்சு?

ஹல்லி: மழை. நம்ம பொட்டல் காஞ்சு கிடந்தா கல்லு, நனைஞ்சா சோப்பு. சவேலி இறக்கினார், இறங்கிடுச்சு... ஆனா நிக்கல. சறுக்கிக்கிட்டே சமையல் கொட்டகை வரைக்கும் வந்து விறகுல மூக்கைக் குத்திச்சு. விறகு வெட்டற வேலை மிச்சம்னு கூட ஒருத்தன் சொன்னான்.

கலிமோவ்: ரெண்டாவது?

ஹல்லி: ஒட்டகம்.

கலிமோவ்: விரட்டறது உன் வேலைன்னே.

ஹல்லி: விரட்டினேனே. எந்தப் பக்கம் போறதுங்கறதுல அதுக்கும் எனக்கும் ஒத்துப் போகல. சவேலி அதுக்கு ஒதுங்கப் போய், வாய்க்கால்ல விட்டு, விமானம் குப்புறப் படுத்துக்கிச்சு.

அக்னபாத்: ஏங்க, அந்த ஒட்டகம் ஒரு வாரம் பால் கறக்கலன்னும் சொல்லுங்க.

ஹல்லி: ஒரு வாரம் பால்...

கலிமோவ்: கேட்டுது. மூணாவதுக்கு வா. காலையில களத்தைச் சுத்திப் பார்த்தேன். சக்கரத் தடம் பாம்பு போன மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. அதுக்கு முன்னாடி ஒரு மனுஷன் கால் தடம். அதுவும் அப்படியே வளைஞ்சு வளைஞ்சு. யாரோடது?

ஹல்லி: என்னோடது.

கலிமோவ்: விமானத்துக்கு முன்னாடி உனக்கு என்ன வேலை?

ஹல்லி: வழி காட்டினேன்.

கலிமோவ்: ஓடிக்கிட்டா?

ஹல்லி: அது அவ்வளவு வேகமா வருது. நடந்தா எப்படிக் காட்டறது?

கலிமோவ்: ஒரு செருப்பு கிழக்கே கிடக்கு, இன்னொண்ணு மேற்கே கிடக்கு.

ஹல்லி: ரெண்டு பக்கமும் காட்டினேன்.

கலிமோவ்: அப்புறம் சக்கரம் ஒடிஞ்சு, றெக்கை தரையில உரசி, நின்னுச்சு. விமானி இருக்கைல ரத்தமும் இறகுமா கிடந்துச்சாம். அது ஏது?

ஹல்லி: இறகு இல்ல தோழரே, ஆட்டு மயிர். என் குல்லா பறந்து போய் விசிறில மாட்டிக்கிச்சு.

கலிமோவ்: குல்லாவுக்கு ரத்தம் வருமா?

ஹல்லி: ...புதுக் குல்லா.

அக்னபாத்: ஐயோ...

கலிமோவ்: என்ன சொல்றா?

ஹல்லி: குல்லாவை நினைச்சு வருத்தப்படறா. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் தோழரே. சவேலி குடிக்க மாட்டார்.

கலிமோவ்: நான் குடியைப் பத்திக் கேக்கவே இல்லையே.

ஹல்லி: கேட்டா சொல்லலாம்னுதான்... அன்னைக்கு வாடை கூட வரல.

கலிமோவ்: மோந்து பார்த்தியா?

ஹல்லி: தூக்கினப்ப கிட்டத்துலதானே மூக்கு இருக்கு.

கலிமோவ்: தூக்கினியா? அவரை எதுக்குத் தூக்கணும்?

ஹல்லி: தூங்கிட்டிருந்தார்.

கலிமோவ்: விமானத்தை இறக்கின உடனேயா?

ஹல்லி: களைப்பு. இல்ல... அவர் எப்பவுமே சட்டுனு தூங்கிடுவார். நல்ல மனசுக்காரங்களுக்கு அப்படித்தான்.

கலிமோவ்: ஹல்லி, போதும். ரெண்டு கண்ணுலயும் கட்டோட ஆஸ்பத்திரியில படுத்திருக்கான் சவேலி. என்ன கேட்டாலும் ‘நான்தான் இறக்கினேன்’கறான். எப்படின்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறான். நீ என்னடான்னா தூங்கினார், தூக்கினேங்கறே. நல்லா புரிஞ்சு போச்சு. ஆளு குடிச்சிருக்கான். இனிமே அவன் பறக்க முடியாது. வழக்கும் வரும். இந்தக் களத்தையும் மூடிட வேண்டியதுதான்.

ஹல்லி: மூடறதா? தோழரே, போன மாசம் சுரங்கத்துல காய்ச்சல் பரவினப்ப மருந்து அன்னைக்கே வந்து இறங்கிச்சு. அதனாலதான் ஆளுங்க பொழைச்சாங்க.

கலிமோவ்: இனிமே ஒட்டகத்துல வரும். நான் வந்த மாதிரி.

அக்னபாத்: அவர் குடிக்கல.

ஹல்லி: அவர் குடிக்கலன்னு சொல்...

அக்னபாத்: நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. தோழரே, அவர் குடிக்கல.

கலிமோவ்: ...என்கிட்டயா பேசறே?

ஹல்லி: அக்னபாத், முக்காடு...

அக்னபாத்: வாயில துணியை வச்சுக்கிட்டு இதையெல்லாம் சொல்ல முடியாது. டீ ஆறுது, குடிங்க தோழரே. சொல்றேன்.

கலிமோவ்: சொல்லும்மா.

அக்னபாத்: சுரங்கத்துக் கொட்டகை எல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சிடுச்சு. இறங்கறதுக்காகத் தாழ்வா வந்தோம். கீழே புதருக்குள்ள கானமயில்னு பெரிய பறவைங்க கூட்டமா மேஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. நம்ம சத்தத்துக்கு மிரண்டு மொத்தமா கிளம்பிச்சு. அதுல ஒண்ணு, ஆட்டுக்குட்டி அளவுக்கு இருக்கும், விமானம் மேல திறந்ததுதானே, நேரா சவேலி மூஞ்சியில வந்து மோதிச்சு. அவர் மாட்டியிருந்த கண்ணாடி நொறுங்கிச்சு. அவர் தலை ஒரு பக்கமா தொங்கிடுச்சு. செத்தே போயிட்டார்னு நினைச்சேன்.

ஹல்லி: பறவை?

அக்னபாத்: என் மடியில வந்து விழுந்துச்சு.

ஹல்லி: அன்னைக்கு ராத்திரி கறிச்சோறு போட்டியே... கோழின்னு...

அக்னபாத்: கோழி இல்ல.

கலிமோவ்: சாட்சியைச் சாப்பிட்டுட்டீங்க.

ஹல்லி: நான் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

கலிமோவ்: அவன் மயங்கிட்டான். அப்புறம் விமானத்தை யாரும்மா புடிச்சா?

அக்னபாத்: அது ஆளுங்களுக்கு ஓட்டக் கத்துக் கொடுக்கற விமானம் தோழரே. முன்னாடி இருக்கற பிடி, மிதி எல்லாமே பின்னாடியும் இருக்கு. மூக்கைக் கீழே போட்டுச்சு, நான் பிடியை இழுத்தேன். அழுகை வந்துச்சு. சவேலிக்கு வயசான அம்மா இருக்காங்க, அவங்க மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. சரி, அழறதை இறங்கினப்புறம் அழுதுக்கலாம்னு காத்தைப் பார்த்தேன்.

கலிமோவ்: புகையை வச்சு?

அக்னபாத்: புகை எங்க இருந்துச்சு?

ஹல்லி: ...விறகு ஈரம்.

அக்னபாத்: இவர் கொட்டகை நிழல்ல படுத்திருந்தார். மேலேர்ந்து பார்த்தா ரெண்டு காலும் தெரிஞ்சுது. நல்லவேளை, யார் வீட்டுலயோ துணி காயப் போட்டிருந்தாங்க. அது ஆடற பக்கம் பார்த்து எதிர்க்காத்துல கொண்டு வந்தேன். சக்கரம் தரையைத் தொட்டுடுச்சு. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

ஹல்லி: அப்புறம் ஏன் என்னைத் துரத்தினே?

அக்னபாத்: நான் எங்கே துரத்தினேன்? திடீர்னு எழுந்து நேரா விமானத்துக்கு முன்னாடி வந்து நின்னீங்க. நான் இடப்பக்கம் ஒதுங்கினேன், நீங்களும் இடப்பக்கம் ஓடினீங்க. வலப்பக்கம் ஒதுங்கினேன், அங்கயும் வந்துட்டீங்க. உங்களை ஏத்திக் கொன்னுடக் கூடாதேன்னு ஒரே மிதியா மிதிச்சேன். சக்கரம் போச்சு.

ஹல்லி: குடிகாரன் கையில சாகப் போறோம்னு நினைச்சு ஓடினேன். அப்படியும் அந்த மனுஷனைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு இவ்வளவு நாளும் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன்.

அக்னபாத்: நானும் அதுக்குத்தான் பொத்தி வச்சேன். பொம்பளை கையில விமானத்தைக் கொடுத்தான்னு அவர் வேலைக்கு உலை வச்சுடுவாங்கன்னு. உங்ககிட்ட சொல்லியிருந்தா அடுத்த தடவை என்னை அனுப்பவும் மாட்டீங்க.

ஹல்லி: அனுப்பியிருக்க மாட்டேன்தான்... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானாவது அந்தக் குல்லாக் கதையை விட்டிருப்பேன்.

கலிமோவ்: ரெண்டு பேரும் இருங்க. எழுதிக்கறேன். பறவை மோதி விமானிக்குக் காயம். ஆபத்து நேரத்துல பின் சீட்டுல இருந்தவங்க விமானத்தைத் தரையிறக்கினாங்க. உயிர்ச் சேதம் இல்ல. சவேலி மேல தப்பு இல்ல. களம் திறந்தே இருக்கலாம்.

அக்னபாத்: ரொட்டி சூடா இருக்கு, எடுத்துக்குங்க தோழரே.

கலிமோவ்: காவலாளி விமானத்துக்குக் குறுக்கே ஓடக் கூடாதுன்னும் சேர்த்துட்டேன்.

ஹல்லி: நியாயம்தான்.

கலிமோவ்: பேனாவை மூடிட்டேன். இது என் மனசுக்காகக் கேக்கறேன். நானும் ஒரு காலத்துல ஓட்டினவன். முதல் தடவை தனியா இறக்கினப்ப ஒரு வேலி, ஒரு வைக்கோல் போர், ஒரு மாட்டுக் கொட்டகை மூணையும் கூட்டிக்கிட்டுத்தான் நின்னேன். நீ மூக்கைக் கீழே போட்ட விமானத்தை, முன்னாடி மயங்கின ஆளை வச்சுக்கிட்டு, புருஷன் குறுக்கே ஓட ஓட... முதல் தடவையே எப்படிம்மா?

ஹல்லி: அவளுக்குத் துணிச்சல் ஜாஸ்தி. வாணலியைக் கூட வெறுங்கையால இறக்குவா.

அக்னபாத்: முதல் தடவைன்னு நான் சொல்லவே இல்லையே.

கலிமோவ்: ...என்னது?

அக்னபாத்: விமானத்தை மேல ஏத்தறதுல சவேலி கெட்டிக்காரர் தோழரே. மேல போயிட்டா பாட்டெல்லாம் பாடுவார். தரை கிட்ட வந்தாத்தான் கண்ணை இறுக்கி மூடிக்குவார். யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டார்.

ஹல்லி: அப்போ... பூ மாதிரி இறக்கறீங்கன்னு அவர் கையைப் புடிச்சு நான் குலுக்கினதெல்லாம்...

அக்னபாத்: பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.

கலிமோவ்: இரும்மா, இரு. அப்போ விறகுல போய்க் குத்தினது, வாய்க்கால்ல குப்புறக் கவுந்தது... அந்த ரெண்டும் உன் கைவரிசைதானா?

அக்னபாத்: அது ரெண்டும் அவர் இறக்கினது தோழரே. அதைப் பார்த்தப்புறம்தான் நான் இறக்க ஆரம்பிச்சேன்.