நாற்பத்தொரு விநாடிக் கதவு

வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கருவியைத் தேடும் அந்த இடைவெளியிலேயே ஊரை நடுங்க வைக்கும் பல் மருத்துவரும், ஆகையால் திகிலைப் பற்றிப் பேச என்னைவிட அதிகத் தகுதி படைத்தவருமாகிய, இந்தத் திரைப்படச் சங்கத்தின் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் கோணாமல் வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகள் பயந்தால் அணைக்கவும், பயப்படாவிட்டால் பயமுறுத்தவும் தெரிந்த தாய்மார்களே! பேச்சு நீண்டால் முதலில் தப்புவதற்காக வாசலோரம் இடம் பிடித்திருக்கும் இளைஞர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு மானங்கெட்ட உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏழு பேய்ப் படங்களுக்குக் கதை வசனம் எழுதிய நான், ஒரு பேய்ப் படத்தைக்கூடக் கண்ணைத் திறந்து முழுதாகப் பார்த்ததில்லை. என் முதல் படத்தின் முதல் காட்சியில், நான் பெற்ற பேய், நான் எழுதிய இடத்தில், நான் எழுதியபடியே வந்தது. நான் ‘அம்மா’ என்று அலறிப் பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தயாரிப்பாளரின் மாமியார். கையை விடுவித்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: “ஏன் தம்பி, இத எழுதினது நீங்கதானே?”

சிரியுங்கள், சிரியுங்கள். சிரிப்பதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது.

அசலான திகில் படம் எது என்று பேசச் சொன்னார்கள். எதுவய்யா அசல்? விரித்த கூந்தலா? வெள்ளை உடையா? கிறீச்சிடும் கதவா? குறுக்கே ஓடும் பூனையா? என்ன சொல்கிறார் அந்தக் கடைசி வரிசை ஐயா? பூனை பாவம் என்கிறாரா? பாவம்தான். ஒரே கறுப்புப் பூனை என் நான்கு படங்களில் நடித்தது. நான்காவதில் ஓடச் சொன்னபோது அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டது. பூனைக்கே சலித்ததை உங்கள் தலையில் கட்டினோம். இரவல் பேய், இரவல் இருட்டு, இரவல் அலறல்! இரவல் வாங்கிய பயம் எவனுடைய உறக்கத்தையும் கெடுத்ததில்லை.

எங்கள் கூட்டத்தில் சொந்தச் சரக்கு ஒருவரிடம்தான் இருந்தது. அவர் எங்கள் எடிட்டர். ‘மூச்சண்ணன்’ என்போம். மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத அறை. ஏசி சொட்டும் தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. அங்கே உட்கார்ந்து அவர் ஒரு காரியம் செய்வார். கதாநாயகி மூடிய கதவின் கைப்பிடியில் கை வைக்கிறாள் என்றால், இவர் மூச்சை இழுத்துப் பிடிப்பார். கதவு திறக்காது, இவரும் மூச்சு விடமாட்டார். நெஞ்சு முட்டி, கழுத்து நரம்பு புடைத்து, இனித் தாங்காது என்னும் விநாடியில் பொத்தானைத் தட்டுவார். அங்கேதான் வெட்டு. தன் மூச்சு முட்டும் இடத்தில் பார்ப்பவன் மூச்சும் முட்டும் என்பது அவர் நம்பிக்கை. முதல் படத்தில் அந்தக் கதவு முப்பத்தெட்டு விநாடி மூடியே கிடந்தது. அரங்கில் எண்ணூறு பேர், ஒருவர்கூட இருமவில்லை.

நான்காவது படத்தில் அது இருபத்தைந்து ஆனது. ஆறாவதில் பதினான்கு. பத்திரிகைகள் விறுவிறுப்பு என்று எழுதின. காலத்துக்கேற்ப மாறிவிட்டார் எங்கள் அண்ணன் என்று நானும் பேட்டியில் பீற்றிக்கொண்டேன். மாறியது காலமா? கலையா? படியேறும்போது இரண்டாம் மாடியில் நின்று சுவரொட்டி படிப்பார். தினமும் அதே சுவரொட்டி. ‘அண்ணனுக்குத் தேர்வு வருகிறது’ என்று கேலி செய்தவன் நான்.

ஏழாவது படத்தின்போது, பேனா தேடி அவர் மேசை இழுப்பறைக்குள் கையை விட்டேன். மருத்துவமனை உறை ஒன்று சிக்கியது. நுரையீரல். உடனே வந்து சேர வேண்டும் என்று மருத்துவர் எழுதி மூன்று வாரம் ஆகியிருந்தது. அண்ணன் அதை வாங்கித் திரும்ப உள்ளே வைத்தார். படம் முடியட்டும், அண்ணிக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றார். நானும் சரியென்றேன். வெளியீட்டுத் தேதி குறித்தாகிவிட்டதே! அவர் படுத்துவிட்டால் யார் வெட்டுவது? நட்பு பெரிதா, தேதி பெரிதா? நாக்கூசாமல் சொல்கிறேன்: எனக்குத் தேதிதான் பெரிதாக இருந்தது.

மறுநாள் மதியம் அண்ணி சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

“தம்பி, உங்க ஒவ்வொரு படத்திலயும் அந்தக் கதவு வர்ற இடத்தில நான் மனசுக்குள்ள எண்ணுவேன். முன்னெல்லாம் முப்பது தாண்டும். போன படத்தில பதினஞ்சுகூட வரல. அவருக்கு என்ன?”

கதை அப்படி, அண்ணி என்றேன். ஏழு படம் எழுதியவனின் ஆக மோசமான வசனம் அதுதான். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு எனக்கு முன்னால் படியேறினார்.

உள்ளே அண்ணன் அந்தக் கதவோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூச்சைப் பிடிப்பார், ஒன்பதாவது விநாடியில் இருமல். மறுபடி பிடிப்பார்; மறுபடி ஒன்பது. இந்தக் கதவு இன்னும் மூடியிருக்கணும், எனக்குத்தான் வரமாட்டேங்குது என்று திரையிடம் சொன்னார். மனைவி பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது.

அண்ணி டப்பாவைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“நான் பிடிக்கிறேன். நீங்க என்னைப் பாத்து வெட்டுங்க.”

பத்து விநாடி. இருபது. அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது. அண்ணியின் உதடு வெளுத்தது. கண்ணில் நீர் கட்டியது. விடவில்லை. அந்த அறையில் பேய் இல்லை, பூனை இல்லை, பின்னணி இசை இல்லை. வாளியில் சொட்டு விழும் சத்தம் மட்டும். மூன்று பேர் நெஞ்சிலும் ஒரே உண்மை. நான் எழுதிய ஏழு படங்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அப்படி ஒரு காட்சி தேறாது. அண்ணன் விரல் பொத்தானைத் தட்டியது.

“போதும்மா. விடு.”

அண்ணி மூச்சை விட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

“இப்பச் சொல்லுங்க. டாக்டர் என்ன சொன்னாரு?”

அண்ணன் இழுப்பறையைத் திறந்தார்.

நாற்பத்தொரு விநாடி! அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கிய மருத்துவர், எங்கள் முகங்களைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பதினோராவது நாள் அண்ணன் போய்விட்டார்.

அன்பர்களே! திகில் கதவுக்குப் பின்னாலா இருக்கிறது? இல்லை. கதவுக்கு முன்னால் நிற்பவள்மீது நாம் வைத்த பாசத்தில் இருக்கிறது. அவளை இழக்க மனமில்லாதவனுக்குத்தான் ஒரு விநாடி ஒரு யுகம். மற்றவனுக்கு அது வெறும் மரப்பலகை. படம் எடுக்கத் துடிக்கும் இளைஞர்களே! பேயை எங்கும் இரவல் வாங்கலாம். பயத்தை வாங்க முடியாது. உங்கள் வீட்டில் யாருடைய மூச்சு குறைகிறது என்று பாருங்கள். நீங்கள் எந்த உறையை எந்த இழுப்பறையில் ஒளித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதை எடுங்கள், அது எவனும் எடுத்திராத படம். ஆனால் கேமராவை எடுப்பதற்கு முன்னால், அந்த மனிதரைக் கையைப் பிடித்து மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்! தேதி தள்ளிப் போகலாம். மூச்சு தள்ளிப் போகாது.

இவ்வளவு நேரம் மணியடிக்காத தலைவருக்கும், எழுந்து போகாத உங்களுக்கும் என் நன்றி. எல்லோரும் நீடு மூச்சோடு வாழ்க, வணக்கம்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். வெளியான படத்தில் அந்த நாற்பத்தொரு விநாடியைத் தேடாதீர்கள். நீளம் என்றார் தயாரிப்பாளர். புது எடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அதை ஆறு விநாடியாக வெட்டச் சொன்னவன் நான்தான்.