தேத்தண்ணிதான் எண்டு ஒரு துண்டு

இல்லைத் தம்பி, முதல் நான் சொல்லுறதைக் கேட்டுப்போட்டுத் திறவும். நான் உதைத் திருத்த வரேல்லை. திருந்தினால் திருந்தட்டும், திருந்தாட்டிக் கிடக்கட்டும். எனக்கு வேண்டியது ஒரு துண்டு. உம்மடை திருத்திற கடைத் தாளிலை, ‘இந்தப் பெட்டிக்குள் தேநீர் ஊற்றுப்பட்டதால் பழுதாகியது, சிமியோன், குருநகர்’ எண்டு ஒரு வரி. கீழை கையெழுத்து. திகதி போடும், திகதி முக்கியம். முப்பத்தொரு வருசம் றோட்டு ஓவசியராய் இருந்தனான். கோப்பாய்ப் பஞ்சலிங்கம் எழுத்திலை இல்லாத ஒண்டையும் நம்பினதில்லை. ரெண்டு மணிக்குக் கோப்பாய்ச் சந்தியாலை கொழும்புக்குச் சனம் ஏத்திற வான் போகுது. அதுக்கு முதல் அந்தத் துண்டை அருளம்பலத்தின்ரை மூஞ்சைக்கு நேரை நீட்டோணும்.

ஆர் அருளம்பலமோ? அதைத்தானே சொல்ல வாறன், பொறுமன். கணக்கு மாஸ்டராய் இருந்தவர். இப்ப பென்சன். அவுஸ்திரேலியாவிலை மகளோடை போய் இருக்கப் போறாராம். போகட்டுமன்! ஆர் மறிச்சது? ஆனால் பஞ்சன் வீண்பழி போட்டவன் எண்டு நினைச்சுக்கொண்டு அந்தக் கொழும்பு வானிலை ஏறக்கூடாது. பிழை தன்ரை எண்டு தெரிஞ்சுகொண்டு ஏறோணும். அங்கை போய் யோசிச்சு யோசிச்சுக் கிடக்கட்டும்.

மெல்ல, மெல்ல! துவாயை உப்பிடி இழுக்காதையும். பஸ்ஸிலை மடியிலை வச்சு, பிள்ளை மாதிரிக் கொண்டுவந்தனான். பக்கத்திலை இருந்த மனிசி வயர் துண்டைக் கண்டிட்டு, முருகா எண்டு எழும்பி முன்சீற்றுக்குப் போட்டா. குண்டாம்! மூக்குக்கண்ணாடி போட்ட கிழவன் குண்டு கொண்டு போறானாம். உப்பிடித்தான் சனம், கண்டதைக் கண்டபடி முடிவுகட்டுறது. கொஞ்சம் யோசிக்கிறது, விசாரிக்கிறது, ஒண்டும் கிடையாது.

இது கொம்பியூட்டர். நீர் கண்டிருப்பீர்... கண்டதில்லையோ? அடக் கடவுளே. பறவாயில்லை, நான் சொல்லித் தாறன். லண்டனிலை இருக்கிற தமையன்ரை பெடியன் அனுப்பினவன். குப்பையிலை எறியப் போகேக்கை சித்தப்பான்ரை ஞாபகம் வந்திருக்கும். உந்தக் கறுப்புப் பலகைதான் கொம்பியூட்டர். ரி.வியிலை பூட்டுறது. தனியக் கிடந்தால் உதின்ரை மூளை ஒரு கே. ஒரு கே எண்டால் கொப்பியிலை அரைப்பக்கம். அதிலை பத்துக் கிணறு கூட ஏறாது. அதுக்குத்தான் பின்னாலை செருகிற உந்த மெமரிப் பெட்டி. பதினாறு கே! பழுதானது அதுதான். அதைத் திறவும், பலகையைத் தொடாதையும்.

ஓம் தம்பி, கிணறு எண்டுதான் சொன்னனான். சிரிக்கிற விசயமில்லை. எங்கடை பக்கம் நல்ல தண்ணிக் கிணறெல்லாம் ஒவ்வொண்டாய் உவர் ஆகுது. ஆர் கவனிக்கிறான்? எல்லாரும் மோட்டரைப் போட்டு இறைக்கிறதுதான். நானும் அருளம்பலமும் ஏழு வருசமாய் ஞாயிற்றுக்கிழமையிலை சைக்கிளிலை போய் நூற்றெண்பத்துநாலு கிணறு பாத்தனாங்கள். கயிறு விட்டு ஆழம் அளக்கிறது, பிறகு ஒரு வாய் குடிச்சுப் பாக்கிறது. கயிறு நான், கொப்பி அவன். நான் குடிச்சு உவர் எண்டால், அவன் குடிச்சுப்போட்டு ‘இல்லைப் பஞ்சன், இன்னும் இல்லை’ எண்டுவான். கிணத்துக்காரன் வாயைப் பாத்துக்கொண்டு நிப்பான். அருளம்பலத்துக்கு ஒருத்தனையும் நோகப்பண்ண ஏலாது. எனக்கு ஏலும்.

அந்தக் கணக்கெல்லாத்தையும் உதுக்குள்ளை ஏத்தினால், அடுத்தது எந்தக் கிணறு உவர்க்கப் போகுது எண்டு உதே சொல்லிப்போடும். அப்பிடி ஒரு கணக்கை அவன்தான் எழுதினவன். அவன் வாசிப்பான், நான் அடிப்பன். ஆனால் உந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட குணம். ஆடக்கூடாது. மயிரளவு அசைஞ்சால் காணும், எல்லாம் போச்சு. ரி.வி வெள்ளை! மூண்டு மணித்தியாலம் அடிச்ச நாப்பது கிணறும் ஒரு தும்மலோடை போனது. தும்மினது ஆர்? அவன்தான். மூக்குப்பொடி போடுறவன்.

பிறகு சைக்கிள் ரியூப் வெட்டிப் பெட்டியை இறுக்கிக் கட்டினது நான். கீழை பழஞ்செருப்பு றப்பரை வச்சுத் தாங்கு குடுத்தது நான். பாலத்துக்குத் தாங்கு குடுத்தவனுக்கு உது என்ன பெரிய வேலையே? பலகை சுடுகுது எண்டு செம்பிலை கிணத்துத் தண்ணி நிரப்பி மேலை வச்சதும் நான்தான். வெக்கையை இழுத்துப்போடும். ‘தண்ணி சிந்தும் பஞ்சன், சிந்தும் பஞ்சன்’ எண்டு மாஸ்டர் ஓதிக்கொண்டிருந்தவர். சிந்தினதே? ஒரு துளி! தண்ணிக்குப் பயந்தவர்தான் கடைசியிலை தேத்தண்ணியை ஊத்தினவர், பாரும்.

என்ன ஸ்குறூவோ தேடுறீர்? அடியிலை ரெண்டு கிடக்கு. மானிப்பாய் விண்ணர் ஒருத்தர் ஏற்கெனவே தேடிப்போட்டார். றேடியோ திருத்திறவர். கொண்டுபோய்க் குடுத்தன். திருப்பித் திருப்பிப் பாத்தார். காதிலை வச்சுப் பாத்தார், தம்பி, காதிலை! மணிக்கூடு எண்டு நினைச்சாரோ? பிறகு கேக்கிறார், ‘ஐயா, உதுக்கு ஏரியல் எங்கை பூட்டுறது’ எண்டு. துவாயிலை சுத்திக்கொண்டு வந்திட்டன். ரவுணிலை ரை கட்டிக்கொண்டு கொம்பியூட்டர் வகுப்பு நடத்திறவர் ஒருத்தர். அங்கையும் போனன். ஒரேயொரு கொம்பியூட்டர், அதையும் கண்ணாடி அறைக்குள்ளை வச்சுப் பூட்டி, செருப்பைக் கழட்டிப்போட்டு வரட்டாம். கோயிலே அது? ஒரு சாமானுக்கு மரியாதை குடுக்கிறதெண்டால் நாங்கள் குடுக்கிற மாதிரிக் குடுக்கோணும்.

நீர் வேதக்காரன், உமக்குத் தெரியுமோ தெரியாது. சரஸ்வதி பூசைக்கு வீட்டிலை இருக்கிற புத்தகம், தொழில் சாமான் எல்லாம் சுவாமிக்கு முன்னாலை வைக்கிறது. அதிலை நான் ஒரு குறையும் விடுறேல்லை. பட்டு விரிச்சு, அளவு நாடா, கிணத்துக் கயிறு, கொப்பி, நடுவிலை கொம்பியூட்டர். பெட்டியை மட்டும் கழட்டித் தனியத் தாம்பாளத்திலை வச்சனான். மூளை அதுதானே? இரத்தினம்மா, என்ரை மனிசி, அரைச்ச சந்தனம் தண்ணியாய் ஓடிச்சுது. தூக்கி அங்காலை வச்சிட்டு நானே கட்டையை எடுத்துக் கெட்டியாய் அரைச்சன். அருளம்பலம் வாசல் நிலையிலை சாய்ஞ்சு நிண்டு சிரிக்கிறான். ‘காணும் பஞ்சன், அதுக்குத் தடிமன் பிடிச்சுத் தும்மப்போகுது’ எண்டு. சுவாமிக்கு முன்னாலை நிண்டு சிரிச்ச வாய்! அப்பவே எனக்கு மனம் சொல்லிச்சு, உவனாலை ஏதோ நடக்கப்போகுது எண்டு.

அடுத்தநாள் விஜயதசமி. வீடு நிறையச் சனம். நான்தான் சொல்லி வச்சனான், கோப்பாயின்ரை கிணறெல்லாம் ரி.வியிலை பாக்கலாம், வாங்கோ எண்டு. பக்கத்து வளவுத் தம்பிராசாவிட்டைப் போய் அண்டைக்கு மட்டும் வாழைக்கு இறைக்காதை எண்டும் சொன்னனான். அவன்ரை மோட்டர் ஓடினால், கணக்குப் பதிஞ்சு வச்சிருக்கிற கசற் ரேப்பிலை இருந்து ஒண்டும் ஏறாது, கீச்சுக் கீச்செண்டு கத்திப்போட்டு நிண்டிடும். அவனும் மோட்டரை நிப்பாட்டிப்போட்டு வந்து முன்னுக்குக் குந்தியிட்டான். பெட்டியைச் செருகினன். வழமையிலும் பாக்கக் கொஞ்சம் இறுக்கமாய்த்தான் போச்சு. நல்லது, இனி ஆடாது எண்டு நினைச்சன். சுவிச்சைப் போட்டன்.

ஒண்டுமில்லை. கறுப்பு. கழட்டினன், செருகினன், கறுப்பு. ஆரோ ஒரு சின்னன் களுக்கெண்டு சிரிச்சுது. எனக்கு மேலெல்லாம் பத்துது. திரும்பிப் பாக்கிறன், மேசையிலை, பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி அருளம்பலத்தின்ரை தேத்தண்ணிக் கிளாஸ்! அடியிலை வட்டமாய் ஈரம். பின்னை வேறை என்ன சாட்சி வேணும், சொல்லும்?

கேட்டன். ‘நான் சிந்தேல்லைப் பஞ்சன்’ எண்டான். பொய் சொல்லாதை எண்டன். ஓம், அவ்வளவு சனத்துக்கும் முன்னாலைதான். பொறாமை பிடிச்சவன், என்ரை வீட்டிலை திண்டு குடிச்சுக்கொண்டு என்ரை சாமானைப் பழுதாக்கினவன், இனி என்ரை படலையைத் திறக்காதை எண்டன். அவன் என்ன செய்தவன் தெரியுமோ? கிளாசிலை கிடந்த மிச்சத்தைக் குடிச்சான். குசினிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கவிட்டு வச்சான். அப்பிடியே போயிட்டான். கழுவி வச்சிட்டு, தம்பி! பாத்தீரோ எடுப்பை? குற்றமில்லாதவன் எண்டால் கத்துவான், நான் கத்துவன். அவன் கத்தேல்லை. அதிலையே எனக்கு விளங்கிப்போச்சு.

மூண்டு கிழமை. இரத்தினம்மாவும் அவன் பக்கம்தான். எனக்கு மூண்டு கிழமையாய்ச் சீனி போடாத தேத்தண்ணி. ஞாயிற்றுக்கிழமை தனியத்தான் போனனான். கயிறைப் பிடிச்சால் கொப்பி பிடிக்க ஆளில்லை, கொப்பியைப் பிடிச்சால்... போன கிழமை கயிறு கிணத்துக்குள்ளை விழுந்து போச்சு. தண்ணியை ஒரு வாய் குடிச்சன். உவரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியேல்லை, தம்பி. இல்லையெண்டு சொல்ல ஒருத்தனும் பக்கத்திலை இல்லை. சரி, பழகியிடும்.

முந்தநாள் அவன்ரை தங்கச்சி கமலாவதி வந்தவ. படலைக்கு வெளியிலை நிண்டு கொப்பியை நீட்டுறா. உள்ளை வாவன் எண்டன். ‘படலை திறக்கக்கூடாது எண்டு அண்ணை சொன்னவர்’ எண்டிட்டுப் போட்டா. கொப்பியைத் திறந்து பாத்தன். நூற்றெண்பத்துநாலு கிணத்துக் கணக்கும் கையாலை செய்து முடிச்சிருக்கிறான். அந்த மூண்டு கிழமைக்குள்ளை! அடுத்து உவர்க்கப் போற கிணறுகளுக்குச் சிவப்புக் கோடு. என்ரை கிணத்துக்கும் ஒரு கோடு. கொம்பியூட்டர் தனக்குத் தேவையில்லை எண்டு காட்டுறார், துரை.

ஆ, திறந்திட்டீரோ? சொன்னன்தானே, தேத்தண்ணி... என்ன, கறுப்பாய் இல்லையோ? மஞ்சளோ? பின்னை, பால் தேத்தண்ணி காய்ஞ்சால் மஞ்சளாய்த்தானே கிடக்கும். உந்த வாய்க்குள்ளை பாரும், பலகை செருகிற வாய்க்குள்ளை. கட்டியோ? சீனி, தம்பி. அவன் மூண்டு கரண்டி போடுறவன். ஊசியாலை கிண்டும், கிண்டும். எழுதும் எண்டு சொல்லுறன்... ஏன் என்ரை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவாறீர்? மணந்து பாக்கிறதோ? தேத்தண்ணியிலை என்ன மணம் கிடக்கு...

...

கொஞ்சம் இரும்.

சிவப்பாய் ஒரு பொட்டுத் தெரியுதே, அது... குங்குமம். ஓம். குங்குமம்தான்.

சந்தனத்தை வெளியிலை வைக்கத்தான் போனனான். பிறகு, மூளை உள்ளுக்கல்லோ இருக்கு, வெளியிலை வச்சு என்ன பிரயோசனம் எண்டு... பெட்டியின்ரை வாயிலை வச்சன். விரலாலை வடிவாய் அமத்தி. கெட்டியாய் அரைச்சபடியால் வழியாது எண்டு நினைச்சன். கண்ணாடியும் போடேல்லை. இறுக்கமாய்ப் போச்சு எண்டனே... அதுதானோ?

உந்தக் காத்தாடியை நிப்பாட்டும் தம்பி. குளிருது.

சரி, துண்டு வேண்டாம். வேண்டாம் எண்டன். திரும்பவும் துவாயிலை சுத்தித் தாரும், நான் போறன். உம்மடை வாயாலை இது வெளியிலை போகக்கூடாது. நீர் குருநகர், நான் கோப்பாய், ஆர் கேக்கப் போறான்? அவன் ரெண்டு மணிக்கு ஏறியிடுவான். ஏறினால் முடிஞ்சுது. ஒருத்தருக்கும் ஒண்டும்... என்ன எழுதுறீர்? வேண்டாம் எண்டு சொல்லுறன், நீர் எழுதிக்கொண்டே இருக்கிறீர்! தாரும் பாப்பம். ‘வாய்க்குள் சந்தனம், குங்குமம். தேநீர் இல்லை. சிமியோன், குருநகர்.’ திகதியும் போட்டிருக்கிறீர்.

நான்தானே போடச் சொன்னன்.

மணி என்ன? ஒண்டு பத்தோ? இனிப் பஸ்ஸுக்கு நிண்டால் சரிவராது. வெளியிலை நிக்கிறது உம்மடை மோட்டச்சைக்கிள்தானே? கடையைச் சாத்தும். கொம்பியூட்டர் கிடக்கட்டும் தம்பி, அது எங்கை ஓடப்போகுது. துண்டு காணும். நீட்டுறன் எண்டு வந்தனான், நீட்டத்தான் வேணும். வானிலை ஏறின சனம் எல்லாம் பாக்கட்டும். அவன் வாசிச்சுப்போட்டுத் தடிமன் எண்டு சிரிப்பான், நிலையிலை சாய்ஞ்சு நிண்டு சிரிச்ச மாதிரி. பல்லைக் காட்டிக்கொண்டு. சிரிக்கட்டும், நான் நிண்டு கேக்கிறன்.

சிரிக்காட்டித்தான்... கிளாசைக் கழுவிக் கவிட்டு வச்சிட்டுப் போனவன், தம்பி.

கிக்கரை உதையும், கெதியாய் உதையும்.