சூடு தெரியாத கை

— கண்ணைத் திறக்காதீங்கக்கா. பஞ்சு படுற இடத்தை விரலால தொட்டுக் காட்டுங்கன்னு சொன்னேன்ல?

— நீங்க தொட்டாத்தானே சிஸ்டர் காட்டுறதுக்கு? வீடு வீடா தோல் பாக்க வந்தீங்க, சரி. எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கிட்டே உக்காந்திருக்கிறது? பிசைஞ்ச முறுக்கு மாவு காயுது.

— அழகம்மாக்கா, இந்தக் கையில நாலு தடவை தொட்டுட்டேன்.

— அட போங்க.

— கண்ணைத் திறந்தே பாருங்க. இந்தா, பஞ்சு வைக்கிறேன். தெரியுதா?

— பஞ்சு என்னத்தத் தெரியும்?

— சரி, பேனா முனை. குத்துறேன். இப்ப?

— என்னமோ அமுக்குற மாதிரி... அந்தக் கை அப்படித்தான் சிஸ்டர். இருபத்திரண்டு வருஷமா எண்ணெய்ச் சட்டி. மணப்பாறையில எங்க முறுக்கை அரைவேக்காட்டுல எடுத்து, ஆற வச்சு, மறுபடியும் போடணும். எல்லாரும் கம்பியில எடுப்பாங்க, நான் விரலாலயே எடுத்துப்புடுவேன். இங்க ஸ்ரீரங்கத்துல வந்து அடுப்பு போட்டப்புறம், கோயிலுக்கு வர்றவங்க நின்னு வேடிக்கை பாத்துட்டு ரெண்டு பாக்கெட் கூட வாங்கிட்டுப் போறாங்க.

— கொப்புளம் வராதா?

— வரும். சோறு பிசையுறப்ப பாத்தாத்தான் தெரியும். வலிக்காது. அது ஒரு வரம்னு வச்சுக்கங்களேன்.

— எத்தனை வருஷமா வலிக்கல?

— என்னமோ, ஒரு மூணு வருஷம் இருக்கும்.

— அப்ப அதுக்கு முன்னால பத்தொன்பது வருஷம் சுட்டுச்சுல்ல? பழக்கம்னா முதல்லயே பழகியிருக்கணுமேக்கா. முழங்கைகிட்ட இந்த வெளிறின படை, இதுவும் எண்ணெய்ச் சட்டியிலயா கிடந்துச்சு?

— அது தேமல்.

— தேமல்ல தொட்டா தெரியும். பாருங்கக்கா, தோல்ல மேலாப்புல தெரியுறது செத்த செதில். தினமும் உதிர்ந்துகிட்டே இருக்கு. அதுக்குக் கீழதான் உயிர். வேர்வை அங்கதான் ஊறுது, முடி அங்கதான் வேர் விடுது, சுடுது, குளிருது, வலிக்குதுன்னு சொல்ற நரம்பும் அங்கதான். அடுப்படியில உக்காந்து உங்களுக்கு நெத்தியெல்லாம் கொட்டுது. இந்தப் படையில ஒரு பொட்டு ஈரம் இருக்கா? ஒத்த முடி இருக்கா?

— தேய்ச்சுப் பாக்குறேன், காஞ்சுதான் கிடக்கு.

— சுண்டுவிரலை நிமித்துங்க.

— இவ்வளவுதான் வரும். மாவு பிழிஞ்சு பிழிஞ்சு மடங்கிப்போச்சு.

— முழங்கைக்குப் பின்னால நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருக்குக்கா.

— சுத்தி வளைக்காதீங்க சம்ரீன் சிஸ்டர். பேரைச் சொல்லுங்க.

— டாக்டர் பாத்துத்தான் முடிவு சொல்லணும். தொழுநோயா இருக்குமோன்னு எனக்குச் சந்தேகம்.

— கதவைச் சாத்துங்க.

— அக்கா, இது மாத்திரையிலயே...

— சாத்துங்கங்கிறேன்ல! எதிர்வீட்டு வேணி வாசல்லயே நிக்கிறா.

— சாத்திட்டேன். அழாதீங்க. ஒரு வருஷம் மாத்திரை, காசு கிடையாது. ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே அடுத்தவங்களுக்குப் பரவுறது நின்னுடும். ஆனா மரத்துப்போனது மொத்தமும் திரும்பி வரும்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். இனி எண்ணெயில விரல் வைக்கவே கூடாது.

— கை கிடக்குது, விடுங்க. வியாழக்கிழமை என் பொண்ணுக்கு நிச்சயம். மண்ணச்சநல்லூர் மாப்பிள்ளை, ரைஸ் மில்லுல சூப்பர்வைசர். அப்பன் இல்லாத பொண்ணுன்னு மூணு இடம் தட்டிப்போயி, அப்புறம் அமைஞ்சது. இது அவங்க காதுல விழுந்துச்சுன்னா வெத்தலைத் தட்டோட திரும்பிடுவாங்க. அந்த நோட்டுல எழுதாதீங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். வெள்ளிக்கிழமை நானே ஆஸ்பத்திரிக்கு வந்து நிக்கிறேன்.

— அல்லா மேல ஆணையா, என் வாயிலேருந்து வெளிய போகாது. டாக்டர்கிட்ட மட்டும்தான் சொல்லுவேன். ஆனா எழுதாம இருக்க முடியாதுக்கா. இன்னொண்ணு, ஒரே வீட்டுல இருக்கிறவங்களையும் பாக்கணும். உங்க பொண்ணு கலைமதி எங்க?

— எதுக்கு அவ? அவளை இதுல இழுக்காதீங்க. அவ உடம்புல ஒரு மரு கிடையாது, தெரியுமா?

— இல்லைன்னா சந்தோஷந்தான். ரெண்டு நிமிஷம் பஞ்சு வச்சுப் பாத்துட்டுப் போயிடறேன்.

— கல்யாணப் பொண்ணை உக்கார வச்சு இந்தச் சோதனையா? நான் செத்தாலும் விட மாட்டேன்.

— எனக்கும் இதைக் கேக்க வாய் வரலைக்கா. ஆனா இன்னைக்கே பாத்தா அவ கையைக் காப்பாத்திடலாம். சரி, அவளைக் கூப்பிட வேண்டாம். நீங்களே சொல்லுங்க. அவளுக்குச் சூடு பட்டா உறைக்குதா?

— ஐயோ, அந்தப் பால்!

— என்னக்கா? எந்தப் பால்?

— பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு அடுப்புல பால் பொங்கிடுச்சு சிஸ்டர். துணி கூட எடுக்கல, கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால பிடிச்சு இறக்கி வச்சா. உள்ளங்கை வெந்துபோச்சு. முகம் சுளிக்காம சிரிச்சுக்கிட்டே வந்து நின்னா. அதைப் பாத்துட்டுத்தான் மாப்பிள்ளையோட அம்மா, ‘இம்புட்டுப் பொறுமையான பொண்ணு வேற எங்க கிடைக்கும்’னு அப்பவே அவ தலையில பூ வச்சாங்க.