புல்பேக் அழகுமுத்துவின் பை

மதிப்புக்குரிய தலைவர் வெங்கடேஸ்வரன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கிழக்கொளி விளையாட்டுக் கழகத்தின் இந்நாள், முன்னாள் ஆட்டக்காரர்களே, தம்பியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பழனியம்மா அவர்களே, கடைசி வரிசையில் சிவில் உடையில் வந்து, நாங்கள் என்ன பேசுகிறோம் என்று கேட்க வேண்டிய கடமையில் இருக்கும் நண்பரே! எல்லோருக்கும் இந்தப் பூபாலசிங்கத்தின் வணக்கம். நண்பருக்கு டீ கிடைத்ததா? கிடைக்காவிட்டால் யாராவது கொண்டுபோய்க் கொடுங்கள். துக்கத்துக்கு வந்தவர் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது.

முப்பது வருடமாக றக்பி பழக்குகிறேன். மைதானத்தின் இந்த மூலையில் நின்று கத்தினால் அந்த மூலையில் இருப்பவன் குனிவான். மைக் தேவைப்படாத ஆள் நான். இன்றைக்கு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

யார் இந்த அழகுமுத்து? தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்கள் கல்லூரிக்குப் படிக்க வந்தவன். கல்லூரி அணியின் புல்பேக். பிறகு ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்டில் வேலை, சனிக்கிழமைகளில் நம் கழகத்தின் புல்பேக். புல்பேக் என்றால் கடைசி ஆள். முன்னால் பதினான்கு பேரும் விட்ட பிழையை அவன் ஒருவன் பிடிக்க வேண்டும். அவனையும் தாண்டினால் பிறகு எங்கள் கோல் கோடுதான். அழகுமுத்துவைத் தாண்டியவன் எத்தனை பேர்? எழும்பிச் சொல்லுங்கள் பார்ப்போம்! ஆளைவிட இரண்டு பங்கு பெரியவன் பந்தோடு ஓடி வருவான். இவன் கழுத்தைப் பிடிக்க மாட்டான், சட்டையைப் பிடிக்க மாட்டான். குனிந்து, கண்ணை மூடாமல், கணுக்காலைக் கட்டிப் பிடித்து ஒரு டெக்கல். விழுந்தவனைக் கை கொடுத்துத் தூக்கியும் விடுவான்.

ஆனால் இந்த மகா வீரனிடம் ஒரு வியாதி இருந்தது. நடுக்கோட்டைத் தாண்ட மாட்டான்! "ஏறடா! மேலை ஏறு!" என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். கேட்காதவன் மாதிரி நிற்பான். ஏன் நின்றான்? இந்த அணிக்குத் தெரியும். மற்றவர்கள் கேளுங்கள்.

றக்பிக் காற்சட்டையில் அடையாள அட்டை வைத்து விளையாட முடியாது. கொழும்பில் தமிழனாய்ப் பிறந்துவிட்டு அது இல்லாமல் பத்தடி நடக்கவும் முடியாது. ஆகவே விளையாடும் முன் எல்லோருடைய அட்டையையும் ஒரு கான்வஸ் பையில் போட்டு என்னிடம் தருவது எங்கள் வழக்கம். நான் கரையில் வைத்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் பொலிஸ் சுற்றிவளைப்பு வந்தது. கரையில் நின்றவர்களை முதலில் வெளியே தள்ளினார்கள். நானும் பையும் கேற்றுக்கு வெளியே. பிள்ளைகள் சேற்றோடு உள்ளே, கையில் ஒன்றுமில்லாமல். அணி முழுவதும் அன்று பொலிஸ் நிலையத்தின் சிமெந்துத் தரையில் படுத்தது.

அடுத்த சனிக்கிழமை அழகுமுத்து வந்து சொன்னான்: "பை உள்ளுக்கு இருக்கணும் சேர். எங்கிட்ட குடுங்க. நா எங்கயும் போக மாட்டேன்."

அன்றிலிருந்து அந்தப் பை எங்கள் கோல் கம்பத்தில் தொங்கியது. பாதி நேரத்தில் பக்கம் மாறும்போது பையும் அவனோடு மாறும். ஒருமுறை நடுவர் விசிலை ஊதி, "கம்பத்தில் இதெல்லாம் தொங்கக் கூடாது, கழற்று" என்றார். எதிரணியில் வேகமாக ஓடும் ஒரு சிங்களப் பெடியன், அழகுமுத்துவிடம் அன்றைக்கு நல்லாய் விழுந்து எழும்பியவன், அவன்தான் ஓடி வந்து சொன்னான்: "சேர், ஒய பேக் எக்க தியென்ன தென்ன." அந்தப் பை இருக்கட்டும் என்றான். நடுவர் பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், விசிலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவையோரே, இனி நான் சொல்லப்போவது என் நெஞ்சில் கிடந்து எரிவது. பதினைந்து பேருடைய பையில் பதினான்கு அட்டைதான் இருந்தது. காவல் நின்றவனுக்கு அட்டை இல்லை! தோட்டத்துச் சனத்தில் பலருக்குப் பிரஜாவுரிமை இல்லை, அது இல்லாதவனுக்கு அட்டையும் இல்லை. அப்பன் அதற்கு எழுதிப் போட்டார், பதில் வருமுன் செத்தும் போனார். சிங்கப்பூர்ச் சுற்றுப்பயணத்துக்குக் கொழும்பு அணியைத் தெரிவுசெய்தபோது புல்பேக் இடத்துக்கு முதலில் எழுதியது இவன் பெயரைத்தான். கடவுச்சீட்டுக்காக நான் இவனைக் கூட்டிக்கொண்டு ஏறாத அலுவலகப் படி இல்லை. இந்தக் கந்தோரில் "இவர் இந்தியரா?" என்றார்கள். அந்தக் கந்தோரில் "இவர் இலங்கையரா?" என்றார்கள். நான் வாசலில் நின்று பொரிந்து தள்ளினேன். இவன் என் கையைப் பிடித்து இழுத்தான். "விடுங்க சேர். பின்னால நிக்கிறவனுக்கு எதுக்கு பிளேன்? நாந்தான் எங்கயும் போக மாட்டேனே" என்று சிரித்தான்.  

காயம்பட்டு அவன் ஓர் ஆட்டத்தைக்கூட விட்டதில்லை. விட்டதெல்லாம் பொலிஸ் கூண்டில் இருந்த சனிக்கிழமைகள்தான். அதிபரின் கடிதம், யார்ட் கடிதம், என் சத்தம், எல்லாம் சேர்ந்து வெளியே எடுப்போம். அடுத்த சனிக்கிழமை பையோடு நிற்பான்.

நடுக்கோட்டை ஒரேயொரு தடவை தாண்டினான். கிண்ணத்தின் இறுதியாட்டம். புள்ளிகள் சமன். உயரப் போன பந்தைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டான். ஒருவனை விலத்தினான், இன்னொருவனை விலத்தினான், நடுக்கோடும் போயிற்று! முன்னால் ஒரு குருவி இல்லை! சனம் முழுக்க எழும்பி நிற்கிறது. நான் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டேன். அப்போது அவன் திரும்பிப் பார்த்தான். பந்தைக் கரைக்கு வெளியே உதைத்துவிட்டு மெல்ல ஓடிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டான்.

"என்னடா செய்தனீ?" என்று போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"பை தனியா நின்னுச்சு சேர்."

கிண்ணத்தை இரண்டு கழகமும் பங்கு போட்டோம். அடேய் அழகுமுத்து, நீ கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து அந்த ட்ரையைப் போட்டிருக்க வேண்டும்! செத்துப் போனாய் என்பதற்காக நான் அதை மன்னிக்கப் போவதில்லை. நல்ல ட்ரை அது. உன்னுடைய ட்ரை.

எப்படிச் செத்தான்? போன மாதம் நகரில் குண்டு வெடித்த வாரம் அவனுக்குக் காய்ச்சல். அவன் இருந்த கொட்டாஞ்சேனையில் ஒழுங்கை எல்லாம் அடைத்துவிட்டார்கள். ஒற்றை யன்னல் அறையில் பனடோல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிடந்தான். கொம்பனித்தெருவிலிருந்து நம் அணியின் தாஸிம் எப்படியோ வந்து சேர்ந்து, "எழும்பு மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று கெஞ்சியிருக்கிறான். "ரோடு தெறக்கட்டும் மச்சான்" என்றானாம். நினைவு தப்பிய பிறகுதான் தாஸிம் ஓட்டோவில் தூக்கிப் போட்டு பொரளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். வழியில் மறித்தார்கள். ஐசி, அடையாள அட்டை எங்கே என்றார்கள். நினைவில்லாதவனிடம் கேட்டார்கள்! கேட்டு முடிந்து, போங்கள் என்று விடும்போது பொழுது சாய்ந்துவிட்டது. டொக்டர் தாஸிமைப் பார்த்து, காலையில் கொண்டு வந்திருக்கலாமே என்றாராம். தாஸிம், நீ தலையைக் குனியாதே. நீ அவனை விட்டுவிட்டு ஓடவில்லை.

அக்காவுக்குச் செய்தி போய்ச் சேரும் முன் அடக்கம் முடிந்துவிட்டது. தம்பி நின்ற இடத்தையாவது பார்க்க வேண்டும் என்று இன்று காலை ரயிலில் வந்து இறங்கினார். அவரிடமும் அட்டை இல்லை, தோட்டத்துத் துரையின் கடிதம்தான். கோட்டை ஸ்டேஷனில் அரைநாள் நிறுத்தி வைத்தார்கள். பிறகு மைதானத்துக்கு வந்து அந்தக் கோல் கம்பத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "நா எப்புடிங்க சேர் திரும்பிப் போவேன்?"

 போனால் வழியில் மறிப்பார்கள், காட்ட அட்டை வேண்டும். இங்கே தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும், பதியவும் அட்டை வேண்டும். தோட்டத்தில் அவருடைய இரண்டு பிள்ளைகள் வழி பார்த்துக்கொண்டிருக்கின்றன. இந்தக் கூட்டம் தொடங்கிய பிறகு ஒழுங்கை முகப்பில் ஜீப் வந்து நிற்பதை நீங்கள் எல்லோரும் கண்டீர்கள். காணாதது போல இருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், பேசத் தொடங்கும்வரை.

இரங்கல் கூட்டத்தில் கடைசியில் ஒரு சபதம் எடுப்பார்கள். அன்னார் விட்ட பணியைத் தொடருவோம் என்பார்கள். பிறகு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுவார்கள். எனக்கு அந்தச் சபதம் வேண்டாம். அவன் விட்ட பணி இதோ, இந்த மேசையில் கிடக்கிறது. அந்தப் பைதான். ஊத்தை. அவன் கைச் சேறு இன்னும் போகவில்லை.

என் அட்டையை இதற்குள் போடுகிறேன். கிழக்கொளி அணி, எழும்புங்கள்! ஒவ்வொருவராய் வந்து போடுங்கள். விருப்பமில்லாதவன் இருக்கலாம், நான் கோபிக்க மாட்டேன். தாஸிம், நீ முதலாவதாய் வருவாய் என்று எனக்குத் தெரியும். தலைவர் அவர்களே, நீங்களுமா? சந்தோஷம்.

இந்தப் பையைப் பழனியம்மா பிடித்துக்கொண்டு நடுவில் நடப்பார். நாங்கள் சுற்றிவர நடப்போம். கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் நடை, அங்கிருந்து அவரோடு ரயில். மறிப்பவர்கள் மறிக்கட்டும். ஐசி எங்கே என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: பழனியம்மாவிட்டை இருக்கு. அவவைப் பிடித்தால் பையும் போகும், பை போனால் நாங்களும் போகத்தான் வேண்டும். சிமெந்துத் தரை எங்களுக்குப் புதிதல்ல. கடைசி வரிசை நண்பரே, நான் எதையும் ஒளித்துச் சொல்லவில்லை. ஜீப்பில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள், ஓர் அணி வருகிறது என்று.

பழனியம்மா, அழாதை பிள்ளை. இந்தா, இதைப் பிடி. உன்ர தம்பி எங்களுக்குச் சொன்னதை இப்ப நாங்கள் உனக்குச் சொல்லுறம். உன்னை விட்டிட்டு நாங்கள் எங்கையும் போக மாட்டம்.