வாலண்டைனின் கிண்ணம்

எங்கள் சபையில் திருவிருந்துக்கு வைன் வைப்பதில்லை, ரிபேனா பழச்சாறுதான். நீ கோயிலுக்குப் போகிறவள், புனிதா, உனக்கு இது புதிதாக இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு அதைக் கட்டைவிரல் உயரக் கிண்ணங்களில் ஊற்றி, தட்டில் அடுக்கி, முழங்காலில் நிற்கிறவர்களிடம் நீட்டுவோம். இயேசுவின் இரத்தம் என்று நம்பிக் குடிப்பார்கள். கிள்ளானில் அந்தத் தட்டை ஏந்துகிறவள் நான். என் பெயர் மகதலேனா.

டீயைக் குடி, ஆறிப்போகிறது. கோர்ட் கேன்டீனில் இதைவிட நல்லது கிடைக்காது. உள்ளே கூண்டில் தலைகுனிந்து நின்றானே வாலண்டைன், உன் பிள்ளை பிரவினை லோரியால் அடித்தவன், அவனைப் பற்றி ஒன்று சொல்லத்தான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

என் மகன் ஷானையும் அவன்தான் கொன்றான். அன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் லோரி ஓட்டினான். சிறைக்குப் போனான், வெளியே வந்தான், நேராக எங்கள் சபைக்கே வந்து நின்றான். மேடையேறிச் சாட்சி சொன்னான். "ஷான் தம்பி சாவுலதான் ஆண்டவர் என்னைத் தொட்டாரு. அது மட்டும் நடக்கலன்னா நான் இன்னும் குடிச்சிக்கிட்டுதான் கிடப்பேன்." சபையே ஸ்தோத்திரம் சொல்லிக் கை தட்டியது. போதகர் என்னை எழுப்பி, மன்னித்துவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லவைத்தார். சொன்னேன். நான் சுமந்து பெற்ற பிள்ளை, இந்தக் குடிகாரன் மோட்சத்துக்குப் போக மிதித்து ஏறுகிற படியா?

அவன் நடித்தான் என்று நினைத்துவிடாதே. நடித்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். உண்மையாகவே திருந்திவிட்டான், பாவி. கம்போங் மேடானில் குடிகாரர்களின் வீடு வீடாகப் போய் ஜெபித்தான். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அதனால் அவன் கிண்ணத்தில் மட்டும் பிராண்டி கலந்தேன். அது அவன் கைப்பக்கம் வரும்படி தட்டைத் திருப்பிப் பிடிப்பது பெரிய வித்தை இல்லை. நாக்கில் பட்டதும் திடுக்கிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். துப்பியிருக்கலாம். ஆனால் ஆண்டவருடைய இரத்தம் என்று நம்புகிறவன் எப்படித் துப்புவான்? விழுங்கிவிட்டான்.

ஆராதனை முடிந்து வாசலில் என்னிடம் வந்தான். "அக்கா, எனக்கு மட்டும் வாயில பழைய வாசம் வருது லா. சாத்தான் வேலையா இருக்குமா?"

"ஆமா தம்பி. உங்களுக்கு விசுவாசம் பத்தல. இன்னும் நல்லா ஜெபம் பண்ணுங்க."

அடுத்த மாதமும் அப்படித்தான். அதற்குப் பிறகு ஆளைக் காணோம். செந்தூலில் ஒரு சம்சுச் சாராயக் கடை வாசலில் விழுந்து கிடந்தான். நானேதான் போய்த் தூக்கிவிட்டேன். ஆண்டவர் மன்னிக்கிறவர், திரும்பி வாங்க என்றேன். குழந்தை மாதிரி அழுதுகொண்டு வந்தான், முழங்காலிட்டான், கிண்ணத்தை எடுத்தான். மறுபடியும் விழுந்தான். மறுபடியும் கூட்டிவந்தேன். கடவுளிடம் திரும்புகிறோம் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் என்னிடம்தான் வந்து சேர்ந்தான்.

கடைசித் தடவை ரிபேனாவே சேர்க்கவில்லை. குடித்துவிட்டு எழுந்து போனவன், வழியில் ஒரு புட்டியும் வாங்கிக்கொண்டு, ஷா ஆலம் சாலையில் லோரியை எடுத்திருக்கிறான்.

"அக்கா, அவன் லோரி ஓட்டுறவன்னு உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்கிறாய். தெரியும். யாரையாவது அடிப்பான் என்றும் தெரியும். யாரை என்பதை மட்டும் ஆண்டவர் சித்தத்துக்கு விட்டுவிட்டேன். அதில் நான் தலையிடவில்லை.

போன வாரம் சிறையில் பார்க்கப் போன போதகரிடம், இனி எனக்காக ஜெபிக்காதீங்க, எனக்குக் கடவுளே வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இத்தனை பெரிய காரியத்தில் உனக்கும் பங்கு இருக்கிறது, உன்னிடம் மறைப்பது முறையில்லை.

அழாதே, புனிதா. என் ஷானுக்கு நியாயம் கிடைக்க ஆண்டவர் உன் பிரவினைத் தேர்ந்தெடுத்தார். எத்தனை தாய்க்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?