முப்பத்தெட்டாம் துளை

படி ஏறி வரச் சிரமமாக இருந்திருக்கும், சார். மெடிக்கல் காலேஜ் ரோட்டில் எங்கள் வசதிக்கு மூன்றாவது மாடிதான் கிடைத்தது. லிஃப்ட் வைக்கிறேன் என்று கட்டடக்காரர் ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உட்காருங்கள், டீ வரும். நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டாம். நானே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சித்தீக். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி. பூமிக்கடியில் துத்தநாகம், ஈயம், வெள்ளி எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பிடுவது என் தொழில். தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டா என்று எல்லாரும் சிரிப்பார்கள். இங்கே எவ்வளவு தோண்டினாலும் வண்டல்தான். ஆனால் இன்டர்நெட் வந்த பிறகு மலை ஓரிடத்திலும் கணக்கு ஓரிடத்திலும் இருக்கலாம் என்று ஆகிவிட்டது. வளைகுடாப் பக்கம் ஒரு மலை. அங்கே துளை போடுவார்கள். துளையிலிருந்து வரும் கல்லைச் சோதித்து முடிவை அனுப்புவார்கள். நாங்கள் இங்கே கம்ப்யூட்டரில் அந்த மலையைக் கட்டுவோம். பதினோரு பிள்ளைகளுக்கு வேலை. முக்கால்வாசிப் பேர் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள்.

நீங்களும் டெல்டாக்காரர்தான், அதனால் இப்படிச் சொல்கிறேன். அறுவடைக்கு முன் வேளாண்மை ஆபீசர்கள் வந்து வயலில் ஒரு சின்னச் சதுரத்தை மட்டும் அறுத்து, தூற்றி, எடை போடுவார்கள். அதை வைத்து ஊருக்கே மகசூல் சொல்லிவிடுவார்கள். எங்கள் வேலையும் அதுதான். இரண்டு துளைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதை யாரும் பார்த்ததில்லை. நாங்கள் சொல்வோம், நம்புவார்கள்.

அந்த மலையில் மொத்தம் அறுபத்தொரு துளை போட்டார்கள். அங்கே துளை மேற்பார்வையாளராக இருந்தவர் அஸார், என் தங்கை ரிஃப்காவின் கணவர். வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். காவிரியில் தண்ணீர் வராமல் போன அந்த இரண்டு வருடமும் அவர் போர்வெல் லாரியில் ஊர் ஊராகச் சுற்றியவர். கம்பி இறங்குகிற சத்தத்தைக் கேட்டே, கீழே களிமண்ணா மணலா, தண்ணீர் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். நல்ல மனிதர். அதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்.

முப்பத்தெட்டாம் துளை போட்ட அன்று மத்தியானம் அவர் எனக்குப் போன் செய்தார்.

"மச்சான், நூத்திப் பன்னெண்டு மீட்டர்ல கம்பி பொதக்குன்னு நாலு மீட்டர் எறங்கிடுச்சு. கல்லே வரல. அடியில பெரிய பொந்து இருக்கு. தண்ணி நெறஞ்சு நிக்குது."

நாற்பத்து நான்காம் துளையிலும் அதேதான்.

இந்த இரண்டையும் கணக்கில் சேர்த்தேன். உலோகம் இருக்கும் பாறை இரண்டு துண்டாகப் பிரிந்துவிட்டது. நடுவில் வெறும் பொந்து. இரண்டு துண்டாக இருந்தால் அங்கே சுரங்கம் கட்டுப்படியாகாது. சுரங்கம் இல்லை என்றால் அந்த வேலை நின்றுவிடும், அதோடு இந்த ஆபீசும். இரண்டையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஒரே துண்டாக, அழகாக வந்தது. துத்தநாகம் விலை ஏறிக்கொண்டிருந்த சமயம் அது.

நான் விதியை மீறவில்லை. துளையிலிருந்து கல் சரியாக வரவில்லை என்றால் அந்த முடிவை மதிப்பீட்டில் சேர்க்காமல் விடலாம். காரணத்தை மட்டும் அறிக்கையில் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. எழுதினால் சரிபார்க்க வருகிறவர் பொந்தைப் பற்றிக் கேட்பார். ஆகவே வரைபடத்திலிருந்தும் அந்தத் துளைகளை எடுத்தேன். சுடர்விழி என்று ஒரு பெண், பட்டியல் தயார் செய்கிறவள், கவனித்துவிட்டாள்.

"சார், முப்பத்தேழுக்கு அப்புறம் முப்பத்தொம்பது வருதுங்க."

"அது பாதியிலயே நின்னுபோன துளைம்மா. வரிசையா நம்பரை மாத்திப் போட்டுடுங்க."

மாற்றிப் போட்டாள். ஐம்பத்தொன்பது துளைகள், இடைவெளி இல்லாமல். வெளிநாட்டிலிருந்து சரிபார்க்க வந்தவர் இரண்டு நாள் இருந்தார். பெரிய கோயிலைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். சுடர்விழிக்கு ஒன்றும் தெரியாது. அவளை விட்டுவிடுங்கள்.

சுரங்கம் திறந்தார்கள். அஸாரை உள்ளே ஷிப்ட் ஃபோர்மேனாகப் போட்டார்கள். ஊரிலிருந்து ஆறு பேரை அவர் கூட்டிக்கொண்டு போனார். கோட்டூர் மருதையன் அதில் ஒருவர். அடுத்த வருடம் லீவில் வந்தபோது அஸார் நேராக இங்கே வந்தார். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். பையிலிருந்து சுரங்கத்தின் வரைபடத்தை எடுத்து விரித்தார்.

"மச்சான், நாம போட்ட அந்தப் பொந்துத் துளை ரெண்டும் இதுல காணோமே? சுரங்கம் அந்தப் பக்கந்தான் போவுது."

"அதெல்லாம் சிமெண்ட் பாய்ச்சி அடைச்சாச்சு மாப்பிள. அடைச்ச துளையைப் படத்துல காட்டமாட்டாங்க."

"அப்படியா. நானும் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கிட்டு இருந்தேன்."

வரைபடத்தை மடித்து வைத்துக்கொண்டார். அப்புறம் பிள்ளைகளை வேளாங்கண்ணிக் கடலுக்குக் கூட்டிப் போகணும் என்று எழுந்துவிட்டார். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அவர் கேட்கவில்லை.

பொந்தை யாரும் அடைக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

இனி நீங்கள் வந்த விஷயம். அன்று வியாழக்கிழமை, மணி மூன்று இருக்கும். அஸார் சுரங்க வாசலில் உள்ள ஆபீசிலிருந்து பேசினார். மூச்சு வாங்கியது, வேகமாக ஏறி வந்திருக்கிறார்.

"மச்சான், பாறை வேர்க்குது. கையை வச்சா ஜில்லுன்னு இருக்கு. இங்க இருக்க இஞ்சினீயரு, படத்துல ஒண்ணுமில்ல, வெடியை வைங்கிறான். அந்தத் துளை அடைச்சதுதானே? பழைய கணக்கு உங்ககிட்டதான் இருக்கு. பாத்துச் சொல்லுங்க."

"இருங்க மாப்பிள. பாக்குறேன்."

பழைய கோப்பைத் திறந்தேன். அழித்த எதையும் நான் முழுக்க அழிப்பதில்லை. தொழில் பழக்கம். உள்ளே வெடி வைக்கப்போகிற இடத்தைக் கேட்டுக் குறித்தேன். முப்பத்தெட்டாம் துளையின் பொந்து அங்கிருந்து ஒன்பது மீட்டர். லைனில் அவர் மூச்சு கேட்டது. பின்னால் யாரோ தமிழில் பேசினார்கள், மருதையனாக இருக்கலாம். டீ வந்துடுச்சு என்றோ என்னவோ.

நிறுத்துங்கள், எல்லாரையும் வெளியே கூப்பிடுங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் இஞ்சினீயர் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் துளை. துளை எங்கே போயிற்று என்றால் நான். அந்த வாரம் வேறொரு கம்பெனி சுரங்கத்தை வாங்க வந்து, என் அறிக்கையைத்தான் படித்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. துளை போட்ட காண்டிராக்ட் ஆட்கள் எப்போதோ வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த இரண்டு துளைகளையும் கண்ணால் பார்த்தவர்களில் மிச்சமிருந்தது அஸார் ஒருவர்தான். இது பிறகு தோன்றியதல்ல. ரிசீவரைக் காதில் வைத்திருக்கும்போதே தோன்றியது.

"மச்சான், இருக்கீங்களா? இன்னும் ரெண்டு வெடி வைக்கச் சொல்றான். வைக்கலாமா?"

"வைக்கலாம் மாப்பிள."

"நெசமாவா?"

"நான் சொல்றேன்ல. வைங்க."

"சரி மச்சான். நீங்க சொன்னாச் சரிதான்."

இரண்டாவது வெடியில் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. அஸாரையும் சேர்த்து ஏழு பேர். நாலு பேரின் உடல்தான் கிடைத்தது. அஸார் கிடைக்கவில்லை.

ஊருக்குப் போய் நானே ரிஃப்காவிடம் சொன்னேன். அல்லாஹ் எழுதி வைத்த நேரம் என்றேன். இங்கே திரும்பி வந்ததும் பழைய கோப்பை, இந்த முறை முழுக்க, அழித்தேன். ஆனால் அஸார் சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்திருப்பார் என்பதை நான் யோசிக்கவில்லை. அவருடைய பெட்டியோடு பழைய நோட்டுகளும் வந்திருக்கின்றன. தமிழில்தான் எழுதுவார். 'துளை 38. நூத்தி பன்னெண்டில் கம்பி விழுந்தது. தண்ணி. மச்சானிடம் சொன்னேன்.'

போன மாதம் ரிஃப்கா அந்த நோட்டோடு இங்கே வந்தாள். தனியாகவே பஸ் ஏறி வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"காக்கா, அன்னைக்கு அவுங்க கடைசியா உங்ககிட்டத்தான் பேசியிருக்காங்க. என்ன பேசுனாங்க?"

"புள்ளைங்களைப் பத்தித்தாம்மா. நல்லாப் பாத்துக்கங்க மச்சான்னாரு."

அவள் நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை என் முன்னால் வைத்தாள்.

"எனக்குப் போன் பண்ண நேரமில்லாதவங்க, புள்ளைங்களைப் பத்தி உங்ககிட்ட நாலு நிமிஷம் பேசுனாங்களா காக்கா?"

எவ்வளவு நேரம் பேசினார் என்பதைக் கம்பெனியில் கேட்டு வாங்கியிருக்கிறாள். எட்டாவது வரைதான் படித்தவள். நோட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். அங்கிருந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். துளைகளை மறைத்தது நான். அடைத்துவிட்டதாகப் பொய் சொன்னது நான். பொந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தே, கையில் கணக்கை வைத்துக்கொண்டே, வெடி வைக்கச் சொன்னது நான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள், சார். ஏழு பேரைச் சாகக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் இருந்தால் முப்பது மீட்டருக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்பது சுரங்க இஞ்சினீயரின் விதி, என்னுடையது அல்ல. அஸார் கேட்டது இரண்டு வெடிக்கு. ஒரு வெடிக்குச் சுரங்கம் மூன்று மீட்டர் முன்னேறும், இரண்டுக்கு ஆறு. பொந்து இருந்தது ஒன்பதில். என் கணக்குப்படி, இன்னும் மூன்று மீட்டர் பாறை அவருக்காக மீதம் இருந்தது.