முகம் வாடாத பதில்

டீ ஆறிவிட்டதா? வேறு கொண்டுவரச் சொல்லட்டுமா? இதுவே நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். மேலே பாலாடை படிந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. ஆனாலும் அப்படிச் சொன்னீர்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. இனி மீதியை உங்களிடம் சொல்வது சுலபம்.

ஆர்டர் ஏன் கெட்டது, ராபினை ஏன் வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்று பார்க்கத்தானே எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி உங்களை அனுப்பியிருக்கிறது.

எங்கள் பனியன் கம்பெனிக்கு இரண்டு கம்ப்யூட்டர் சர்வர்கள். இந்த அலுவலகத்தில் இருப்பது வெப் சர்வர். கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிறவரைப் போல, வெளியிலிருந்து வருகிறவர்களிடம் முகம் கொடுத்துப் பேசுவது அதன் வேலை. அனுப்பர்பாளையத்து ஃபேக்டரியில் இருப்பது அப்ளிகேஷன் சர்வர். அது சமையல்கட்டு. எது சாயத்தில், எது கட்டிங்கில் என்ற விவரமெல்லாம் அங்கேதான். அதைப் பார்த்துக்கொண்டவன் ராபின், தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். இரண்டையும் இணைத்தவள் நான். வாசலில் கேட்கிற கேள்வியை உள்ளே கொண்டுபோய், பதிலை அப்படியே வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் இணைப்பு.

முதலில் அப்படியேதான் கொண்டுவந்தேன். 'துணி வெட்டவில்லை, தாமதம்' என்று திரையில் வந்தது. கடல் தாண்டி அதைப் படித்தவர் எங்கள் முதலாளி திருமூர்த்தி ஐயாவைப் போனில் பிடித்துக்கொண்டார். ஐயா எழுந்து நின்றபடியே "ஆமாங்க, ஆமாங்க" என்றார். அவர் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. இல்லை என்பதையே 'இல்லீங்க' என்று குழைத்துச் சொல்கிற ஊர் இது. மெஷின் மட்டும் வெடுக்கென்று பேசலாமா?

இரண்டு சர்வர்களுக்கும் நடுவில் ஒரு சின்ன புரோகிராம் வைத்தேன். பின்னாலிருந்து 'தாமதம்' வந்தால், முன்னால் 'நடந்துகொண்டிருக்கிறது' என்று போகும். கொஞ்ச நாளில் 'வெட்டவில்லை' என்பது 'தையலில்' ஆயிற்று. கப்பல் தேதி நெருங்கினால் எல்லாமே 'பேக்கிங் முடிந்தது'. கடைசி நேரத்தில் ஓடி முடிப்பது இந்த ஊருக்குப் பழக்கம். அதனால் என் பதில்கள் கொஞ்சம் தாமதமாக உண்மையாகிக்கொண்டே இருந்தன. ஐயாவும் செல்போனில் அதே பக்கத்தைத்தான் பார்த்தார்.

"ஏங் கண்ணு, நீ இத மாட்டுனதுல இருந்து வேலையெல்லாம் தன்னால நடக்குதே" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் அன்று எனக்குப் பசிக்கவே இல்லை.

தீபாவளிக்கு முன்னால் ஐயா போனைத் திறந்தார். 'பேக்கிங் முடிந்தது.' மகிழ்ந்துபோய் எல்லோருக்கும் முன்கூட்டியே லீவு விட்டார். முதலாளியே லீவு விட்டபின், துணி இன்னும் வெட்டவில்லையே என்று கேட்க எந்த டெய்லருக்கும் வாய் வராது. ராபின் மட்டும் கூப்பிட்டான்.

"யக்கா, துணி ரோல் ரோலா அப்படியே கெடக்கு. லீவு விட்டுட்டாவ. அங்க என்னதாங்க்கா காட்டுது?"

"எல்லாஞ் சரியாத்தான் காட்டுது. நீ பஸ்ஸுக்குக் கெளம்பு."

"மொதலாளிட்ட நான் பேசட்டா?"

"வேண்டாங் கண்ணு, நாஞ் சொல்லிக்கறேன்."

சொல்லவில்லை. ஐயா அப்போது பேத்திக்குப் பட்டாசு வாங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

கன்டெய்னர் லாரி வந்ததும் வாட்ச்மேன் சுப்பண்ணன் கூப்பிட்டார். "அம்மிணி, லாரி வந்து நிக்குதுங்க. ஏத்தறதுக்குப் பனியன் ஒண்ணையுங் காணமுங்க."

ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. ஐயா என்னிடம் கேட்டார்: "ராபின் அங்க எதையோ தப்பாப் போட்டுட்டானாட்ட இருக்குது. அப்படித்தானே கண்ணு?"

அத்தனை நம்பிக்கையாகக் கேட்கிறவரிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று எப்படிச் சொல்வது? "அப்படியும் இருக்கலாமுங்க" என்றேன். ராபின்மேல் பழி போட்டதாக நீங்கள் நினைக்கக் கூடாது. ஒத்துப் பேசினேன், அவ்வளவுதான்.

எழுதிக்கொள்ளுங்கள். ராபின் போட்ட விவரமெல்லாம் சரி. நடுவில் மாற்றியது நான். ஆனால் யாருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை. ராபினையே கேட்டுப் பாருங்கள். நேற்றுகூடக் கூப்பிட்டான். வேறு கம்பெனியில் வேலைக்கு வரச் சொல்கிறார்களாம், போகட்டுமா என்றான். இங்கேயே திரும்பி வரத்தான் ஆசை என்றான். "அவசரப்படாத கண்ணு, ஐயா உன்னைய அடுத்த வாரமே கூப்புடறேன்னு சொல்லீட்டாரு" என்றேன். உடனே அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

ஐயா அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் பையன் இப்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறான் தெரியுமா?